பூமிக்குள் பயணம் போன வக்கீல் மகன்

பிரான்சு நாட்டில் நாண்ட் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு வக்கீல் வீட்டில், 1828-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, தலைப்பிள்ளையாகப் பிறந்தார் ஜூல்ஸ் வெர்ன்.

தந்தையின் ஆசை

தமக்குப் பிறகு மூத்த மகன் வக்கீல் தொழிலை நடத்த வேண்டும் என்பது தந்தையின் ஆசை. சட்டம் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார். வெர்ன் பரீட்சையில் தேறினார். ஆனால் அவர் மனம் நாடகத்திலும் கதையிலும் இருந்தது.

1852-ம் ஆண்டில் தந்தை தம் தொழிலை மகனிடம் ஒப்படைக்க முன்வந்தார். நல்ல வருமானம் உள்ள தொழில். வெர்ன் மறுத்துவிட்டார்! ஒரு நாடகக் கொட்டகையில் காரியதரிசி ஆனார்.

1857-ல் ஹோனரின் என்ற விதவையை மணந்தார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். குடும்பத்தைக் காப்பாற்ற, வெர்ன் பங்கு மார்க்கெட்டில் தரகர் வேலை பார்த்தார். விடியற்காலையில் எழுந்து கதை எழுதுவார். பிறகு வேலைக்குப் போவார்.

அதிர்ஷ்டம் வந்தது

பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1863-ல் ஹெட்செல் என்ற பதிப்பாளர், வெர்ன் எழுதிய பலூன் பயணக் கதையை வெளியிட்டார். புத்தகம் பிரமாதமாக விற்றது. அப்போது வெர்னுக்கு வயது 34.

மறு ஆண்டு வந்தது, "பூமியின் மையத்துக்குப் பயணம்".

ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்குப் பழைய புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கிறது. அதை நம்பி, உடன்பிறந்தார் மகனையும் வழிகாட்டியையும் அழைத்துக்கொண்டு, ஐஸ்லாந்து நாட்டின் எரிமலை வாய் வழியாக இறங்குகிறார். உள்ளே ஒரு கடல்! அதில் ராட்சத மிருகங்கள்! கடைசியில் இத்தாலி நாட்டு எரிமலை ஒன்று மூவரையும் வெளியே தள்ளுகிறது.

வெர்ன் ஐஸ்லாந்தைப் பார்த்ததே இல்லை. எல்லாம் புத்தகங்களைப் படித்து, குறிப்பு எடுத்து எழுதியவை.

டெலிவிஷனில்

பூமியின் மையம் சுமார் 6,370 கிலோ மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ரஷ்யாவில் துளை போட்டவர்கள் 12 கிலோ மீட்டர்தான் இறங்க முடிந்தது. கடும் வெப்பம் தடுத்துவிட்டது.

ஆனாலும் கதைக்கு மவுசு குறையவில்லை. 1959-ல் ஹாலிவுட்டில் சினிமா ஆயிற்று. 1999-லும் 2008-லும் டெலிவிஷனுக்கென்றே படம் எடுத்தார்கள். 2008-ம் ஆண்டுப் படத்தில், காணாமல் போன கணவனைத் தேடி ஒரு மனைவி பூமிக்குள் இறங்குகிறாள். நாவலில் அப்படி ஒருத்தி கிடையாது.

கல்லறையில்

மகன் பெரும் புகழ் பெற்றதைக் கண்ட பிறகே, 1871-ல், தந்தை காலமானார்.

1886-ல் மனநிலை சரியில்லாத உறவினர் ஒருவர் சுட்டதில் வெர்னின் கால் ஊனமாயிற்று. எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 1905-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, அமியான் நகரில், 77-வது வயதில் காலமானார்.

அங்கே அவர் கல்லறை மேல் ஒரு சிலை இருக்கிறது. மூடிய கல்லைத் தள்ளிக்கொண்டு, வானத்தை நோக்கிக் கை நீட்டியபடி, வெர்ன் பூமிக்குள் இருந்து எழுந்து வருகிறார்!