காந்தியடிகளின் கணக்கேடு

சிக்கனத்தைப் பிறவிக்குணம் என்று கருதுவோர் உளர். வறுமை கற்பிக்கும் பாடம் என்று கருதுவோரும் உளர். அண்ணல் காந்தியடிகளின் வாழ்க்கை இவ்விரு கருத்துகளுக்கும் இடந்தரவில்லை. அவர் திவான் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் ஆடம்பரச் செலவில் விரும்பி இறங்கியவர். பின்னர் முயன்று கற்றுக்கொண்டதே அவர்தம் சிக்கனம். அதற்கு அவர் கையாண்ட கருவி ஒரு சிறு கணக்கேடு. அரையாடை உடுத்த முதியவராகவே அவரைப் படங்களில் கண்டு பழகிய நம் மாணவர்க்கு, உயர்ந்த பட்டுத் தொப்பி அணிந்து கண்ணாடியின் முன் நின்ற இளைஞர் மோகன்தாஸைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவது பயனுடைத்து.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் பெரும் பதவி வகித்தும் பொருள் சேர்ப்பதில் நாட்டமில்லாதவர். 1885-இல் அவர் மறைந்தபோது குடும்பத்திற்கு எஞ்சிய சொத்து மிகச் சிறிது. குடும்பத்தின் நண்பரான மாவ்ஜி தவே என்னும் பெரியவர், இளையவனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்குமாறு அறிவுறுத்தினார். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் செலவாகும் என்பது அவருடைய மதிப்பீடு. அக்காலத்தில் அது பெருந்தொகை. மூத்த தமையனார் லட்சுமிதாஸ் அச்சுமையை ஏற்றார். மனைவி கஸ்தூர்பாயின் நகைகளை விற்றுவிடலாமா என்றுகூட மோகன்தாஸ் எண்ணியதுண்டு. கடல் கடத்தல் ஆகாது என்று சாதியார் விலக்கி வைத்தனர். பயணப் பணத்தைக் கையில் வைத்திருந்த உறவினர் சாதிக் கட்டுக்கு அஞ்சி அதைத் தர மறுத்துவிட்டார். நண்பர் ஒருவரிடம் கடன் பெற்றே கப்பலேற வேண்டியதாயிற்று. பம்பாயிலிருந்து அவர் புறப்பட்ட நாள் 1888 செப்டம்பர் 4. அதற்கு மறுநாள்தான் நம் திருத்தணியில் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். அண்ணலின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி 1939-இல் உலகறிஞர் பலரின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர் அவரே என்பதை இவ்வட்டார மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இலண்டனில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. விக்டோரியா ஓட்டலில் சில நாள் தங்கியதற்கு 3 பவுன் கேட்டனர். ஒரு பவுன் அந்நாளில் பதினான்கு பதினைந்து ரூபாய்க்கு ஈடாகும். புலால் உண்பதில்லை என்று தாயாருக்கு வாக்களித்து வந்தவர் அங்கே ஏறத்தாழப் பட்டினியாகவே கிடந்தார்; பட்டினிக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது!

இவ்வாறு பணத்தின் அருமையை முதல் வாரத்திலேயே உணர்ந்தவர் ஆடம்பரத்தில் விழுந்தது எங்ஙனம்? அதற்கு நாணமே காரணம். ஒருநாள் நண்பர் ஒருவர் அவரை ஹோல்பர்ன் என்னும் பெரிய உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். வந்த சூப்பில் இறைச்சி உண்டா என்று பணியாளரைக் கேட்க மோகன்தாஸ் முனைந்தார். நண்பர் சினந்து, நாகரிகமறியாதவர் என்று கடிந்தார். உணவில் அவரைப் போல் ஆக இயலாது. உடையிலும் நடையிலுமாவது ஆங்கிலக் கனவானாக வேண்டும் என்று அன்றே மோகன்தாஸ் உறுதி பூண்டார். பம்பாயில் தைத்த உடைகள் போதா என்று புதியன வாங்கினார். 19 ஷில்லிங்கிற்கு உயர்ந்த தொப்பி வந்தது. செல்வர் உடை தைக்கும் பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலைநேர உடை தயாராயிற்று. பெருமனம் படைத்த தமையனார் இரட்டைச் சரப் பொன் கடிகாரச் சங்கிலியும் அனுப்பி வைத்தார். நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடியின் முன் கழிந்தது.

உடை மட்டும் போதுமா? கனவானுக்கு நடனம் தெரிய வேண்டுமே. 3 பவுன் கட்டி நடன வகுப்பில் சேர்ந்தார். பியானோ இசைக்கேற்பக் கால் செல்லவில்லை. மேலைநாட்டு இசையில் செவியைப் பழக்கினால் கால் பழகும் என்று எண்ணி 3 பவுனுக்கு ஒரு வயலின் வாங்கினார். அதைக் கற்பிக்கும் ஆசிரியைக்குத் தனிக் கட்டணம். பேச்சுக்கலைக்கு வேறோர் ஆசிரியர். முதற் கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பிரெஞ்சு மொழியும் கற்க முற்பட்டார். கோவணத்தை எலியினின்று காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டிப் பசு வளர்த்த சந்நியாசியின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு செலவு தன் வயிற்றில் மற்றொரு செலவைச் சுமந்துகொண்டே வருகிறது. விலைச்சீட்டில் அந்த இரண்டாவது செலவு எழுதப்படுவதில்லை.

இம்மயக்கம் மூன்று திங்கள் அளவே நீடித்தது. தாம் வந்தது கல்விக்கு, இங்கிலாந்தில் வாழ்நாள் முழுதும் தங்கப்போவதில்லை, வயலினை ஊரிலும் கற்கலாம் என்ற எண்ணங்கள் அவரை உலுக்கின. பேச்சுக்கலை ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் விலகல் கடிதம் எழுதினார். வயலின் ஆசிரியையிடம் நேரில் சென்று, கிடைத்த விலைக்கு அதை விற்றுத் தருமாறு வேண்டினார். உடையில் நேர்த்தி மட்டும் நெடுங்காலம் அவரை விடவில்லை.

இம்மூன்று திங்களிலுங்கூட அவர் கணக்கெழுதத் தவறியதில்லை என்பதே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது. பேருந்துக் கட்டணம், அஞ்சல்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக்காசு ஈறாக அனைத்தையும் எழுதுவார். இரவு உறங்குமுன் இருப்பைச் சரிபார்ப்பார். தொப்பியும் வயலினும் அவருடைய எழுத்திலேயே அவ்வேட்டில் ஏறின. ஏடு அவரைத் தடுக்கவில்லை. ஆனால் மறைக்கவும் விடவில்லை. ஆசையை அடக்குவது பற்றி நம்மிடம் அறவுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆசைக்கு இடந்தந்த நாளிலும் உண்மையை எழுதிவைப்பது அரிது. அந்த அரிய செயலே பின்னர் அவரைத் திருத்தியது எனலாம்.

இங்கு ஒரு சிறு விலகல். வள்ளுவப் பெருந்தகை வரவு செலவு பற்றிய கருத்துகளை வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளார். அவ்வதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் பொருளின் அளவறிதலையே பேசுகின்றன. படையெடுக்குமுன் தன் வலிமையை எடைபோடும் மன்னனுக்குரிய அறிவே, செலவிடுமுன் தன் கையிருப்பை எடைபோடுவோனுக்கும் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். கருமித்தனமும் வேண்டா, விரயமும் வேண்டா, இரண்டிற்கும் இடைப்பட்ட நெறியில் நிற்க என்பது திருக்குர்ஆன் காட்டும் வழி. இஸ்ராஃப் என்னும் சொல்லை ஜும்ஆ உரைகளில் நாம் பலகாலும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வந்து திருமண மண்டபத்திற்கு முன்பணம் கட்டுகிறோம்! அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

ஏட்டின் பக்கங்களைப் புரட்டிய மோகன்தாஸ், செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார். எதைக் குறைப்பது? அதற்கும் ஏடே விடை தந்தது. வண்டிக் கட்டணம் அடிக்கடி தலைகாட்டியது. தங்கியிருந்த குடும்பத்திற்கு வாரந்தோறும் உணவுக் கட்டணம் செலுத்தியும், வெளியில் உண்ணும் நாட்களில் இரட்டைச் செலவாயிற்று. அக்குடும்பத்தாரை மரியாதைக்காக வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்வதும் ஒரு செலவு. எனவே தனி அறைகள் பார்த்துக் குடிபெயர்ந்தார். செல்ல வேண்டிய இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்தே சேரக்கூடிய இடமாகத் தேர்ந்தார். நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார்; வண்டிக் கட்டணம் மிஞ்சியது, உடலும் உரம் பெற்றது. பின்னர் இரண்டு அறையை ஒன்றாக்கினார். ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சினார். நண்பகல் உணவு மட்டும் வெளியே. ஒருநாள் உணவுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்சுக்குள் அடங்கிற்று. இதனால் வாழ்க்கை வறண்டுவிடவில்லை, தமையனாரின் பொருள்நிலைக்கு இசைவாக வாழ்கிறோம் என்ற நிறைவால் உள்ளம் மகிழ்ந்தது என்றே அவர் பிற்காலத்தில் எழுதினார்.

அத்தனைக்கும் வேர் அந்தத் தமையனாரே. செலவழிந்தது அவருடைய பணம். கே.ஜி.கண்டிகை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பலரின் இல்லங்களில் தறி ஓடுகிறது. நெய்த சேலைக்கு இவ்வளவு கூலி, வாங்கிய முன்பணத்தில் கழித்தது இவ்வளவு என்று தறிவீட்டுச் சுவடியில் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டிருக்கும். அதே வீட்டுப் பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசியின் மாதத் தவணைக்கோ, தேநீர்க் கடையிலும் துணிக்கடையிலும் திரையைத் தொட்ட அளவில் பறந்துவிடும் தொகைக்கோ ஏடு கிடையாது. எண்ணிக் கொடுத்த தாளுக்கு இருந்த கனம் இப்பணத்திற்கு இல்லை. தோழர் முன் நாணிச் செலவிடும் பிள்ளைகளை நான் குறைகூற மாட்டேன். அந்த நாணம் ஹோல்பர்ன் உணவகத்தில் மோகன்தாஸுக்கும் இருந்தது. ஆனால் அவரிடம் ஏடும் இருந்தது.

1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். வரலாறு இங்கே நேர்கோட்டில் செல்லவில்லை. இராஜ்கோட் இல்லத்தில் தேநீரும் காப்பியும் புகுந்திருந்தன. அவற்றுடன் கோகோவையும் ஓட்ஸ் கஞ்சியையும் அவர் சேர்த்தார். ஐரோப்பிய உடையையும் புகுத்தினார். நாள்தோறும் புதுப்புதுச் செலவுகள். வாயிலில் யானையைக் கட்டியாயிற்று, தீனிக்கு வழியில்லை. பம்பாயில் வழக்கறிஞர் தொழிலும் கைகொடுக்கவில்லை. இலண்டனில் தனியறையில் கைவந்த அடக்கம், குடும்பத்தின் நடுவே, பிறர் எதிர்பார்ப்பின் நடுவே தளர்ந்தது. சிக்கனம் ஒருமுறை கற்றால் நிலைத்துவிடும் கலையன்று போலும்.

அந்நெருக்கடியில் கைகொடுத்தது ஒரு முஸ்லிம் வணிக நிறுவனம். போர்பந்தர் மேமன்களான தாதா அப்துல்லா கம்பெனியார் தென்னாப்பிரிக்காவில் நடந்த வழக்கொன்றின் பணிக்கு அவரை அமர்த்தினர். ஓராண்டுக்கு ஊதியம் 105 பவுன். முதல் வகுப்பில் போய்வரும் கட்டணமும் அங்குள்ள செலவுகளும் அவர்களுடையன. 1893-இல் டர்பனில் இறங்கினார். ஆண்டிறுதியில் அவர் திரும்ப எண்ணியபோது இந்திய வணிகர் அவரைத் தடுத்துத் தங்கச் செய்தனர். பொதுப்பணிக்கு ஊதியம் பெற அவர் இசையவில்லை. ஏறத்தாழ இருபது வணிகர் தத்தம் வழக்குப் பணிக்கு ஓராண்டு முன்பணம் தந்தனர். வழியனுப்புப் பரிசாகத் தர எண்ணியிருந்த பணத்தைக் கொண்டு அப்துல்லா சேட் வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான்கள் வாங்கித் தந்தார். 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. இலண்டன் பேருந்துக் கட்டணத்தை எழுதிய கை இப்போது சமூகத்தின் சந்தாவை எழுதிற்று. எவ்வளவு சிறு தொகைக்கும் இரசீது உண்டு. கணக்குத் தூய்மையின்றி உண்மையைக் காக்க இயலாது என்பது அவர் கொள்கை. இலட்சக்கணக்கான ரூபாயைக் கையாண்ட பிற்கால இயக்கங்களிலும் கடன் நின்றதில்லை, மிச்சமே நின்றது என்பது அவர் பெருமையுடன் குறிப்பிட்ட செய்தி.

சலவைச் செலவு மிகுந்தபோது நூல் வாங்கிப் படித்துத் தாமே துவைத்ததையும், கஞ்சி உதிரும் கழுத்துப்பட்டியுடன் நீதிமன்றம் சென்று பிறர் சிரிப்புக்கு ஆளானதையும் பலர் அறிவர். விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1901-இல் தாயகம் திரும்ப முற்பட்டபோது மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசு குவித்தனர். அவற்றுள் ஒன்று கஸ்தூர்பாய்க்கு அளித்த 50 கினி பெறுமான தங்க ஆரம். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியுமுன் அனைத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளராக்கினார். சிறுவரான மைந்தர் எளிதில் இசைந்தனர். அம்மையார் இசையவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாவா என்று கேட்டார். கணவரின் தொண்டுக்காக இரவும் பகலும் தாம் உழைத்த உழைப்பு தொண்டாகாதா என்றும் கேட்டார். அந்த இரண்டாம் வினாவுக்குக் காந்தியடிகளிடம் நேரிய விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொதுப்பணியால் வந்த பொருள் பொதுவுக்கே என்பது மறுக்கொணாத நெறி. எனினும் ஒருவர் தம் ஆசையைத் துறப்பது வேறு. வீட்டிலுள்ள பிறர் ஆசையைத் தாமே துறந்துவிடுவது வேறு. அம்மையாரின் ஒப்புதலை ஒருவாறு வலிந்து பெற்றதாக அண்ணலே ஒளிக்காமல் எழுதியுள்ளார். இதுவும் ஒருவகைக் கணக்கெழுதலே.

வற்புறுத்தலின்றி மாறியவர் ஒருவரும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞராயிருந்த ஹெர்மன் காலன்பாக், வீட்டு வாடகை நீங்கலாகத் தமக்கென மட்டும் மாதம் 1,200 ரூபாய் செலவிட்டவர். காந்தியடிகளுடன் பழகியபின் அது 120 ரூபாயாகச் சுருங்கியது. 1914-இல் இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அவரிடம் விலையுயர்ந்த தொலைநோக்கிகள் இரண்டு இருந்தன. எளிய வாழ்வுக்கு இவை பொருந்துமா என்று நாள்தோறும் உரையாடல் நிகழ்ந்தது. இறுதியில், நமக்குள் பூசல் எதற்கு, கடலில் எறிந்துவிடலாம் என்றார் காந்தியடிகள். காலன்பாக் இசைந்தார். 7 பவுன் பெறுமான தொலைநோக்கி கடலில் விழுந்தது. விற்று யாருக்கேனும் உதவியிருக்கலாமே என்று இன்றைய மாணவர் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே.

1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் அவர் அரையாடை பூண்டதைத் தமிழர் அனைவரும் அறிவர். அவரை எளிமையில் வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது என்று சரோஜினி நாயுடு அம்மையார் கேலி செய்ததாகச் சொல்வர். அக்கேலியில் உண்மையில்லாமலில்லை, பெருந்தலைவரின் எளிமைக்குப் பின்னால் பலரின் உழைப்பும் செல்வரின் கொடையும் நின்றன.

1915-இல் பம்பாய்க் காங்கிரஸின்போது காகா காலேல்கர் ஒருநாள் அவரைக் கண்டார். மேசையிலும் சுற்றிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தார் காந்தியடிகள். சிறு பென்சில் ஒன்றைக் காணவில்லையாம். காலேல்கர் தம் பென்சிலை எடுத்து நீட்டினார். வேண்டாவென்று மறுத்துவிட்டார். சென்னையில் ஜி.ஏ.நடேசனின் சிறு மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. அதைத் தொலைக்க அவருக்கு மனமில்லை. இருவரும் சேர்ந்து தேடினர். கிடைத்தபோது அதன் நீளம் இரண்டு அங்குலங்கூட இல்லை.