ஐன்ஸ்டைனின் கடைசி ஆறு ஆண்டுகள்

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்டதும் இயற்பியல் துறை நண்பர்கள் ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் பொருளியல் மாணவன். சார்பியல் கொள்கை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அதை ஒளிப்பானேன்? ஆனால் அந்த மேதையின் கடைசிக் காலத்தில் என் பாடத்துக்குரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மனிதன் கூடுதலாக வாழும் ஓர் ஆண்டுக்கு விலை உண்டா என்பதே அது.

எங்கள் வகுப்புக் கருத்தரங்கில், உயிருக்கு விலை போடுவது பாவம் என்று நான் மேசையைத் தட்டிப் பேசினேன். பேராசிரியர் கோபிக்கவில்லை. ஐன்ஸ்டைன் எதனால் இறந்தார் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன்.

1879 மார்ச் 14-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர். பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே 1905-ல் இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதினார். பொதுச் சார்பியல், 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணம் தந்த உலகப் புகழ், நோபல் பரிசு ஆகியவை நாம் பள்ளியிலேயே படித்தவை. அவருடைய வயிற்றைப் பற்றித்தான் எந்தப் பாடநூலும் பேசுவதில்லை. 1917-ல் பெர்லினில் வயிற்று நோயால் பல மாதங்கள் அவதியுற்று மெலிந்துபோனார். 1933-ல், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த ஆண்டில், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். அங்கும் வயிற்று வலி விடவில்லை. மருத்துவர்கள் தடுத்தும் புகைக்குழாயோடு அவருக்கிருந்த உறவு அறவே அறுந்துவிடவுமில்லை.

1948 டிசம்பரில் புரூக்ளின் யூத மருத்துவமனையில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தார். நிஸ்ஸனும் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தாம். உள்ளே, இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருந்தமனி ஓரிடத்தில் பெரிய சாத்துக்குடிப் பழம் அளவுக்கு உப்பியிருந்தது. அவ்விடத்தில் அது இயல்பாக ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டமே இருக்கும். பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மெலிந்து புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் போன்றதுதான். வெடித்தால் பெரும்பாலும் மரணம். வெடிக்கும்வரை பலருக்கு ஒரு வலியும் தெரியாது.

அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வேறு குழாய் பொருத்தும் கலை அன்று இல்லை. பாரிசில் சார்ல் துபோஸ்ட் அதை முதன்முதலில் செய்தது 1951-ல்தான். நிஸ்ஸன் செய்தது எளிய காரியம்: வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். ஆம், மிட்டாய் சுற்றும் அதே வகைத் தாள்! அந்நியப் பொருள் உறுத்துவதால் சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவர் தடிக்கும் என்பது கணக்கு.

அதன்பின் ஐன்ஸ்டைன் ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் வாழ்ந்தார். பக்கவாதத்தால் படுத்துவிட்ட தங்கை மாயாவுக்கு, 1951-ல் அவர் இறக்கும்வரை இரவுதோறும் நூல்கள் படித்துக் காட்டினார். 1952-ல் இஸ்ரேலின் குடியரசுத் தலைவர் பதவி தேடிவந்தபோது மறுத்தார். 1955 ஏப்ரல் 11-ல், அணுப்போருக்கு எதிராகப் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தயாரித்த அறிக்கையில் கையொப்பமிட்டார். இந்த ஆண்டுகளுக்கு யார் விலை போடுவது என்று என் மனம் மீண்டும் மேசையைத் தட்டியது.

ஆனால் அந்த ஆண்டுகளைத் தந்தது செலோஃபேன்தானா? ஒரே ஒருவரை வைத்து அதைச் சொல்ல முடியாது. தாள் இல்லாமலும் அவர் வாழ்ந்திருக்கலாம். இங்கேதான் பேராசிரியரின் கேள்வி எனக்குப் புரியத் தொடங்கியது. இன்று வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியைச் சில நிமிடங்கள் வைத்தால் இந்த வீக்கம் தெரிந்துவிடும். அப்படியானால் வலியே இல்லாத முதியவர்களையும் அழைத்துச் சோதிக்கலாமா? இங்கிலாந்தில் 65 முதல் 74 வயது வரையுள்ள ஏறத்தாழ 67,800 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் சோதனைக்கு அழைத்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகளில் அழைக்கப்படாதோருள் 113 பேரும், அழைக்கப்பட்டோருள் 65 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர்.

இனிச் செலவு. நான்கு ஆண்டுக் கணக்கில், கூடுதலாகக் கிடைத்த ஓர் உயிராண்டுக்கு 28,400 பவுன் ஆயிற்று. மருத்துவச் செலவுக்கு அந்நாட்டில் அப்போது வழங்கிய உச்சவரம்பு ஏறத்தாழ 30,000 பவுன். அதைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பத்தாண்டுக் கணக்கிலோ அது 7,600 பவுனாகக் குறைந்தது. காரணம் எளிது. சோதனைச் செலவும் அறுவைச் செலவும் முதலிலேயே வந்துவிடுகின்றன. பிழைத்தவர் வாழும் ஆண்டுகளோ பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. தென்னை வைத்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2013-க்குள் இங்கிலாந்து முழுவதும், 65 வயதாகும் ஆண்களை ஒருமுறை அழைக்கும் திட்டம் வந்துவிட்டது.

இதில் மறுபக்கமும் உண்டு. வீக்கம் 5.5 சென்டிமீட்டரை எட்டும்வரை பொதுவாக அறுவை செய்வதில்லை. சிறிய வீக்கம் உள்ளவர் அச்சத்தோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஆய்விலேயே, திட்டமிட்ட அறுவைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் நூற்றுக்கு ஆறு பேர் இறந்தனர். நலமாக நடந்துவந்து மேசையில் படுத்தவர்கள் அவர்கள். புகைப்பழக்கம் குறைந்ததால் நோயும் அருகிவிட்டது. முன்பு சோதித்த நூறு பேரில் ஐவருக்குக் கிடைத்த வீக்கம், இங்கிலாந்தில் இப்போது ஏறத்தாழ ஒருவருக்கே கிடைக்கிறது. அதனால் ஒவ்வோர் உயிராண்டின் விலையும் கூடத்தான் செய்யும். அமெரிக்காவில் என்றேனும் புகைபிடித்த, 65 முதல் 75 வயதுடைய ஆண்களுக்கே இதைப் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அந்தக் கணக்கேட்டில் ஐன்ஸ்டைனின் ஓராண்டும், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் ஓராண்டும் ஒரே ஓராண்டுதான். முதலில் இது அநியாயமாகப் பட்டது. இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த கருத்தரங்கில் நான் மேசையைத் தட்டவில்லை.

அழைப்பு வந்தும் ஐவரில் ஒருவர் அந்தச் சோதனைக்கு வரவில்லை. ஐன்ஸ்டைனும் கடைசியில் மறுத்தவர்தாம். 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க் கிளென் என்ற அறுவை மருத்துவர் வந்து, அறுவை செய்யலாம் என்றார். அக்காலத்தில் அது மிகவும் ஆபத்தானது. ஆனாலும் வழி இருந்தது. செயற்கையாக ஆயுளை நீட்டிப்பதில் தமக்கு விருப்பமில்லை என்று ஐன்ஸ்டைன் அமைதியாகச் சொல்லிவிட்டார். பிரின்ஸ்டன் மருத்துவமனைப் படுக்கையில் மூக்குக் கண்ணாடியையும் தாள்களையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் 18 பின்னிரவு ஒரு மணிக்குமேல் ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அருகிலிருந்த செவிலிக்கு ஜெர்மன் தெரியாது. முடிக்காத கணக்குத் தாள்கள் படுக்கையருகே கிடந்தன.