வேலையோடு முடியும் கூரை: அம்பேத்கர் வாழ்வில் வீடும் மருத்துவமும்

சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது 1820-களில், சேலம் ஆட்சியர் காக்பர்னின் காலத்தில். சமவெளியிலிருந்து மலையேறிய தலித் உழைப்பாளர்களும் மலையாளிப் பழங்குடியினரும் ஏற்காட்டுத் தோட்டங்களை வளர்த்தனர். வேலை உள்ளவரை லைன் வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்டங்களின் வழக்கம். இவ்வழக்கம் யாரை வீடற்றவராக்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த அம்பேத்கர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். பதவி கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடிகளோடு வந்தோர் அவரை வெளியேற்றினர். நண்பர்களின் கதவுகளும் திறக்கவில்லை. இரவு இரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் காத்திருந்தார். கல்வியும் பதவியும் பெற்றவரைக்கூடச் சாதி தெருவில் நிறுத்தியது.

பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். ஐந்து குழந்தைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். நோயுற்றிருந்த ரமாபாயை 1935-இல் இழந்தார். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர், ஏழை வீடுகளின் இழப்பை நூல்களில் மட்டும் படித்தவரல்லர்.

1942-இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினரானபின் இவ்வறிவு அரசின் கொள்கையாயிற்று. 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவானது. நிலக்கரி மீதான தீர்வையிலிருந்து வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை அவர் காலத்தில் வந்தது. அதன் வழியில் 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. ரேகே தலைமையிலான விசாரணை தோட்டத் தொழிலாளரின் நிலையையும் பதிவு செய்தது. ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமும் தருவதை முதலாளியின் கடமையாக்கியது.

இது பெரும் வெற்றியே. ஆயினும் அரைகுறை வெற்றி. அச்சட்டம் தொழிலாளியாக இருப்பவருக்கு வீடு தந்தது. முதியவராகி வேலையிலிருந்து நீங்கியவருக்கு அவ்வீட்டின்மீது உடைமையுரிமை தரவில்லை. சிறு தோட்டங்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. 2024-இல் மாஞ்சோலைத் தோட்டத்தை விட்டு நிறுவனம் விலக முற்பட்டபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோரிடம் வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்பட்டதை நாம் கண்டோம்.

இந்த இடைவெளிக்கான விடையை அம்பேத்கர் 1947-லேயே எழுதிவிட்டார். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்கு அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில், தரிசு அரசு நிலங்களில் பட்டியல் சாதியினரைக் குடியமர்த்தக் குடியேற்ற ஆணையம் வேண்டும் என்றும், அதற்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் தரவேண்டும் என்றும் கோரினார். ஆண்டையின் மண்ணில் குடியிருப்பவர் ஆண்டையை எதிர்த்துப் பேச முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தபோது, பதவியோடு அரசு இல்லமும் அவரை விட்டுப் போயிற்று. தில்லி அலிப்பூர் சாலையில், பிறருக்குச் சொந்தமான வீட்டில், நீரிழிவோடு போராடியபடி வாழ்ந்து, 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அவர் சிலைக்கு மாலையிடும் நாம், விடப்பட்ட அக்கோரிக்கையையும் கையில் எடுக்க வேண்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த மலையிலேயே மனைப்பட்டா வேண்டும். வேலையோடு அறுந்துபோகாத மருத்துவம் வேண்டும். முதலாளியின் கருணையாக அன்று, குடிமக்களின் உரிமையாக.