கடல் கடந்த வங்கியும் காரைக்கால் எல்லையும்

ஒரு நாட்டில் வங்கித் தொழில் நடத்த ஏற்ற சூழல் இருக்கிறதா என்பதை அளந்து சொல்ல இன்று பல அமைப்புகள் உள்ளன. பொருளாதார வளர்ச்சி, வாராக் கடனின் அளவு, நாணயத்தின் நிலைத்தன்மை, நீதிமன்றங்களின் வேகம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் அளித்து அவை நாடுகளை வரிசைப்படுத்துகின்றன. தொழில் தொடங்குவதில் உள்ள எளிமையை வைத்து நாடுகளை வரிசைப்படுத்திய உலக வங்கியின் புகழ்பெற்ற அறிக்கை, தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்ததால் 2021-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. வரிசை போனாலும் கேள்வி போகவில்லை. அயல்நாட்டில் கிளை திறக்கும் ஒரு வங்கி, எதை நம்பிப் பணத்தை அங்கே கொண்டுசெல்வது?

இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படிக்காமல் தொழிலிலேயே எதிர்கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்தான் அவர். அவர் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள, கடல் கடந்து போகும் முன் நம் காரைக்காலைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

காவிரிக் கழிமுகத்தில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்து வயல்களும் சூழ்ந்த சிறு நிலப்பகுதி காரைக்கால். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த அந்தப் பகுதி, இடையில் சில காலம் ஆங்கிலேயரிடம் போனதைத் தவிர்த்தால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. எல்லையின் இருபுறமும் பேசிய மொழி ஒன்று. விளைந்த நெல் ஒன்று. ரூபாயின் மதிப்பும் ஒன்றே. ஆனால், காரைக்காலில் புழங்கிய ரூபாய் நோட்டை வெளியிட்டது 1875-இல் பாரீஸில் தொடங்கப்பட்ட இந்தோசீனா வங்கி. கடன் பத்திரம் வழக்குக்கு வந்தால் எல்லைக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் வேறொரு சட்டம்.

பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே 1941-இல் சுங்க உடன்பாடு ஏற்பட்டபோது வணிகம் எளிதானது. 1949-இல் அது முடிவுக்கு வந்தபோது சரக்குகள் மீண்டும் சுங்கச்சாவடியில் நின்றன. இந்த எட்டு ஆண்டுகளில் வயலும் மாறவில்லை, வணிகரும் மாறவில்லை. மாறியவை அரசுகளும் அவற்றுக்கு இடையிலான உறவும் மட்டுமே. கடன் வாங்குபவரின் விளைச்சலை மட்டும் எடைபோட்டால் போதாது, அவருடைய ஊரில் சட்டம் எழுதுபவர் யார், அவர் நாளை எப்படி எழுதுவார் என்பதையும் எடைபோட வேண்டும் என்பதைக் காரைக்கால் வணிகர்கள் அன்றாடம் கண்டனர்.

இதே உண்மையைப் பல மடங்கு பெரிய களத்தில் சந்தித்தவர்கள் நகரத்தார். பர்மா, இலங்கை, மலாயா, பிரெஞ்சு இந்தோசீனா என வங்கக் கடலைச் சுற்றிலும் அவர்களது கிட்டங்கிகள் இருந்தன. ஊரிலிருந்து மூன்றாண்டுத் தவணைக்கு மேலாளை அனுப்புவதும், உறவினர் வைப்புத்தொகையைத் திரட்டுவதும், உண்டியல் வழியே பணம் அனுப்புவதும் தலைமுறைகளாகச் செம்மைப்பட்ட முறைகள். 1929-30-இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்கின்படி, அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். பர்மாவின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாக மாறியதற்கு அந்தக் கடன் முக்கியக் காரணம் என்பதைப் பொருளியல் வரலாற்றாளர்கள் ஒப்புக்கொள்கின்றனர்.

இந்தச் சூழலில்தான் 1908-ஆம் ஆண்டு, கானாடுகாத்தானைச் சேர்ந்த செல்வக் குடும்பம் ஒன்றில் சிதம்பரம் செட்டியார் பிறந்தார். தந்தை சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார், சென்னை வணிக உலகில் பெரும்புள்ளி. இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே தந்தையை இழந்த மகனின் தோளில் குடும்பத்தின் தொழில்கள் அனைத்தும் வந்து விழுந்தன.

அவர் பொறுப்பேற்ற நேரம் மிக மோசமான நேரம். உலகப் பெருமந்தம் தொடங்கியிருந்தது. 1930-இல் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் வட்டியும் கட்ட முடியவில்லை, முதலும் தர முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. 1930-இல் கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை, 1937 வாக்கில் 25 விழுக்காடாக உயர்ந்தது. அவர்கள் தேடிப்போனது நிலத்தை அல்ல, வட்டியையும் முதலையும்தான். ஆனால், ஏட்டில் சொத்தாகத் தெரிந்த அந்த நிலம்தான் அவர்களுக்குப் பெரும் பகையைத் தேடித் தந்தது. நிலத்தை இழந்த உழவரின் கண்ணுக்கு முன்னால் நின்றவர் விலைச் சரிவுக்குக் காரணமான உலகச் சந்தை அல்லர். கணக்கேட்டுடன் நின்ற தமிழரே.

மலாயாவில் சட்டம் முன்னதாகவே விழித்துக்கொண்டிருந்தது. மலாய்க்காரரின் நிலம் வெளியாருக்குப் போவதைத் தடுக்க 1913-இல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் 1933-இல் மேலும் இறுக்கப்பட்டது. இலங்கையில் 1934-இல் அமைந்த வங்கி ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, உள்நாட்டினருக்குக் கடன் வழங்க 1939-இல் இலங்கை வங்கி பிறந்தது. ஒரு நாடு விழித்துக்கொள்ளும்போது அயல்நாட்டுக் கடன்காரரின் இடம் சுருங்கும் என்பதற்கு இவையெல்லாம் அறிகுறிகள்.

இந்த அறிகுறிகளைக் கண்ட பலர் கடையைச் சுருக்கினர். சிதம்பரம் செட்டியார் வேறொரு முடிவுக்கு வந்தார். குடும்பப் பணத்தை நிலத்தின் மீது கடனாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றாக, பங்குகள் திரட்டி நடத்தும் நவீன வங்கியை அமைப்பது அவரது திட்டம். அயல்நாட்டுச் செலாவணியும் கடல் கடந்த வணிகமும் அதன் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அன்று அந்தத் துறை பெரும்பாலும் ஆங்கிலேயச் செலாவணி வங்கிகளின் பிடியில் இருந்தது. நிலத்தின் மீது கொடுத்த கடன் ஆண்டுக்கணக்கில் முடங்கும். சரக்கு ஏற்றுமதிக்கான உண்டியலோ சில மாதங்களில் பணமாகத் திரும்பும். ஒரு நாட்டின் அரசியல் மாறினால், முன்னதைவிடப் பின்னதைக் காப்பாற்றுவது எளிது.

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொழிலைத் தொடங்கியது. விரைவிலேயே பினாங்கிலும் கிளை திறக்கப்பட்டது. நிறுவனருக்கு அப்போது வயது 28.

அந்த நாளிலிருந்து சரியாக ஐம்பதாவது நாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. இது எதிர்பாராத திருப்பம் அன்று. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பிரிவினை முடிவாகிவிட்டது. ரங்கூன் தனி நாடொன்றின் தலைநகராகப் போகிறது என்பது தெரிந்திருந்தும் அங்கே வங்கி திறக்கப்பட்டது. அந்தத் துணிவுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பிரிவினைக்குப் பிறகும் இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவின் மத்திய வங்கியாகவும் செயல்பட்டது. அரிசி ஏற்றுமதியும் நிற்கவில்லை. இன்றைய மதிப்பீட்டு முறையில் வைத்துப் பார்த்தாலும் ரங்கூனுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

முதல் சோதனை உள்நாட்டிலேயே வந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி வீழ்ந்தபோது, தென்னிந்திய வங்கிகள் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஓராண்டே ஆகியிருந்த இளம் வங்கி அதைத் தாண்டி வந்தது. அடுத்தது போர். 1942-இல் ஜப்பானியர் முன்னேறியபோது ரங்கூன், மலாயா, சிங்கப்பூர் கிளைகள் முடங்கின. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினர். குடும்பக் கடைகளை நம்பியிருந்த பலர் முதலையே இழந்தனர். பல நாடுகளிலும் இந்தியாவின் பல ஊர்களிலும் கிளை பரப்பியிருந்த வங்கி நிலைத்து நின்றது. நாடு விடுதலை பெற்றபோது அதற்கு இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன, வைப்புத்தொகை 6.64 கோடி ரூபாய், கடன் 3.23 கோடி ரூபாய். திரட்டிய பணத்தில் பாதிக்கும் குறைவாகவே கடனாகப் போயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பத்தாண்டில் பெருமந்தத்தின் வடுவையும் போரையும் கண்ட ஒருவரின் எச்சரிக்கை அந்தக் கணக்கில் தெரிகிறது.

போருக்குப் பின் அவரது கவனம் இரு திசைகளில் சென்றது. வெளியே கொழும்பு, பாங்காக் என வங்கி விரிந்தது. உள்ளே காப்பீட்டிலும் ஆலைத் தொழிலிலும் முதலீடு பெருகியது. கேரளத்தின் பெரும்பாவூரில் அவர் அமைத்த திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை, நாட்டின் செயற்கைப் பட்டு உற்பத்திக்கு முன்னோடியாக இருந்தது. சென்னை அண்ணா சாலையில் இன்று எல்ஐசி கட்டடம் என்று அறியப்படும் பதினான்கு மாடிக் கட்டடம், தமது யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக அவர் திட்டமிட்டதே. அது எழுந்து நிற்பதைக் காண அவர் இல்லை. 1954-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் தீப்பற்றியதில் 33 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அவருக்கு 45 வயதுதான் ஆகியிருந்தது.

அவர் மறைந்த பிறகு நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரது மதிப்பீட்டில் எது சரி, எது விடுபட்டது என்பது விளங்கும். பர்மா 1948-இலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியிருந்தது. நிலத்தில் முடங்கிய செட்டியார் முதல் அத்துடன் கரைந்தது. நிலத்தை நம்பக் கூடாது என்ற அவரது கணிப்பு சரியாயிற்று. ஆனால், 1963-இல் பர்மா எல்லா வங்கிகளையும் நாட்டுடைமையாக்கியபோது நவீன வங்கிக்கும் விதிவிலக்கு இல்லை. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகள் இயங்க மலேசியா தடை விதித்ததால், அங்கிருந்த கிளைகள் பிற இந்திய வங்கிகளின் கிளைகளுடன் சேர்ந்து 1973-இல் யுனைடெட் ஏஷியன் வங்கியாயின.

அயல்நாடு மட்டும்தான் இப்படி என்று சொல்வதற்கும் இல்லை. இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1956-இல் நாட்டுடைமையானது. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. பொதுமக்களின் சேமிப்பு சில தொழிற்குழுமங்களுக்கே பயன்படுகிறது, கிராமமும் உழவரும் கைவிடப்பட்டுள்ளனர் என்பதுதான் அப்போது முன்வைக்கப்பட்ட வாதம். பர்மிய உழவரின் குறையும் ஏறத்தாழ இதுவே.

எனவே, சட்டம் மாறும் என்பதைச் சிதம்பரம் செட்டியார் அறிந்திருந்தார். அதற்கேற்பப் பணத்தைப் பல நாடுகளில் பிரித்து வைத்தார். ஆனால், சட்டத்தை மாற்றத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் இல்லை. கடன் கொடுப்பவரால் தம் வாழ்வு உயர்ந்தது என்று அந்த மண்ணின் மக்கள் கருதினால் சட்டம் அவரைக் காக்கும். உறிஞ்சப்பட்டோம் என்று கருதினால், அந்தக் கருத்து முழு நியாயமோ அரை நியாயமோ, சட்டம் ஒருநாள் திரும்பும். ஒரு நாட்டின் வங்கிச் சூழலை அளப்பவர்கள் வளர்ச்சி விகிதத்துக்கு முன்பாக எண்ண வேண்டியது இதைத்தான்.

இதற்கு எல்லை கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. ஆந்திரத்தில் குறுங்கடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாகக் கடன் கொடுத்து வேகமாக வளர்ந்தன. திருப்பிச் செலுத்தும் விகிதம் முதலீட்டாளர்களை வியக்க வைத்தது. வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பேசுபொருளானதும், 2010 அக்டோபரில் மாநில அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் அடியோடு சரிந்தது. அதற்கு முந்தைய மாதம் வரை அந்தத் தொழிலின் மதிப்பெண்கள் மிக உயர்வாகவே இருந்தன.

சிதம்பரம் செட்டியார் மறைந்த அதே 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது; 1962-இல் சட்டப்படியான மாற்றமும் நிறைவடைந்தது. பிரெஞ்சு நோட்டு மறைந்தது, சுங்கச்சாவடி மறைந்தது. இரு நூற்றாண்டுகள் நிலையானதாகத் தோன்றிய ஓர் எல்லையே இப்படி மறையுமானால், ஓர் ஆண்டறிக்கையின் மதிப்பெண் எத்தனை நாள் நிற்கும்? அயல்நாட்டில் கடை விரிக்கும் நம் வங்கிகளும், நம் கழிமுகக் கிராமங்களில் கடை விரிக்கும் புதிய கடன் நிறுவனங்களும் தங்கள் ஐந்தொகையில் ஒரு பத்தியைக் கூடுதலாக எழுதிப் பார்க்கலாம். கடன் வாங்கியவர் அந்தக் கடனால் முன்னைவிட நன்றாக இருக்கிறாரா என்பதே அந்தப் பத்தி. ரங்கூனில் எழுதப்படாமல் போனதும் அதுவே.