தோலுக்குள் தங்கும் நீர்

தை மாதப் பனி இறங்கும் இரவில் திருவையாற்றில் கச்சேரி கேட்டவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பாட்டு நடந்து கொண்டிருக்கும்போதே மிருதங்கத்தின் சுருதி மெல்ல இறங்கும். வித்வான் அடுத்த கீர்த்தனைக்கு முன்னால் கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைத் தட்டி மறுபடி சேர்த்துக் கொள்வார். ஆற்றோரத்து ஈரக் காற்றிலுள்ள நீரைத் தோல் குடித்துத் தளர்ந்துவிட்டது என்பது தஞ்சையில் மிருதங்கம் செய்வோருக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. தோலுக்குள் போன நீர் அங்கே எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பது அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்புவரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

நான் பொருளாதாரம் படித்தவன். காவிரி நீரை டி.எம்.சி. கணக்கில் மட்டுமே எழுதிப் பழகியவன். ஓய்வுக்குப் பிறகு அறிவியல் நூல்களைப் புரட்டும்போதுதான், நீரை ஒவ்வொரு மூலக்கூறாக எண்ணிப் பார்த்த ஒருவர் நம் காவிரிக்கரையில் படித்தவர் என்பது உறைத்தது. அவர் ஜி.என். ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். அங்கே சேர்ந்தது மின் பொறியியலில். ஆனால் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் அந்த இளைஞரை இயற்பியலுக்கு இழுத்துக் கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டத்துடன் திரும்பினார். 1952இல், முப்பதை எட்டும் வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் அழைத்தது ராமனை. ராமன் கைகாட்டியது தம் மாணவரை.

சென்னை வந்திருந்த அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துவது அதுதான். நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அதுவே. பதனிட்ட தோல் சென்னையின் பழைய ஏற்றுமதிப் பொருள். அந்தத் தொழிலுக்காகவே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அப்போது தொடங்கப்பட்டிருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ் கதிரில் படம்பிடித்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரன் வெளியிட்ட விடை இது: மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மறு ஆண்டே அதைத் திருத்தி, அந்த மூன்றும் கயிறுபோல் முறுகி நிற்கின்றன என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளிவந்திருந்தது. அந்தக் கதையிலும் துப்புக் கொடுத்தது நீர். லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் டி.என்.ஏ. இழையைச் சுற்றியிருந்த காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றிப் படமெடுத்தார். ஏறத்தாழ 75 விழுக்காட்டில் ஒரு வடிவம். 92 விழுக்காட்டில் நீண்டு மெலிந்த இன்னொரு வடிவம். நீர் இவ்வளவு எளிதாக நுழைந்து வெளியேறுவதால், நீரை விரும்பும் பாஸ்பேட் பகுதி வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டார். அதை உள்ளே வைத்துக் கட்டிய லைனஸ் பாலிங்கின் மாதிரி சரிந்து போனது.

சென்னை மாதிரிக்கும் எதிர்ப்பு வந்தது. மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார் ராமச்சந்திரன். அப்படி வைத்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கும், ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்றனர் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ராமச்சந்திரன் ஆய்வாக எடுத்துக் கொண்டார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் அதன் விளைவு. இன்று உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தை யார் கண்டாலும், அது சரியா என்று ஒத்துப் பார்ப்பது அந்தப் படத்தில்தான்.

இரண்டாவது பிணைப்பை அவர் விட்டுவிடவில்லை. 1968இல் ஆர். சந்திரசேகரனுடன் எழுதிய கட்டுரையில், அது நேரடியாக அமைய வேண்டியதில்லை, இழைகளுக்கு நடுவே ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நின்று அதைத் தரலாம் என்றார். தோலில் உள்ள நீரின் ஒரு பகுதி ஈரமல்ல, கட்டுமானத்தின் உறுப்பு என்பது இதன் பொருள். 1973இல் இன்னும் ஓர் அடி வைத்தார். கொலாஜனில் புரோலின் என்ற கண்ணியோடு, இழை உருவான பின் உடல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாத மாலுமிகளுக்குத்தான் ஈறு கசிந்தது. இந்தச் சிறு வேதி மாற்றத்தின் பயன், நீரைப் பிடித்துவைத்து இழைகளைப் பிணைப்பதே என்பது அவர் கருதுகோள்.

1994இல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு நீர் மூலக்கூறுகள் சுருளைச் சுற்றி வலைபோல் நின்றன. நேரடிப் பிணைப்பு மட்டும் ஒன்றுதான். அதில் ரிச்சும் கிரிக்குமே சரி. கதை அதோடும் முடியவில்லை. 1998இல் விஸ்கான்சினில் ரொனால்ட் ரெய்ன்ஸ் குழுவினர் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தார்கள். ஃபுளோரின் நீரை அநேகமாகப் பற்றாது. ஆயினும் சுருள் முன்னைவிட உறுதியானது. எனவே உறுதிக்கு முதற்காரணம் நீர்ப் பாலம் அல்ல. கண்ணியின் வளைவையே அந்த மாற்றம் செம்மைப்படுத்துகிறது. நீர் அங்கே இருப்பது உண்மை; அதற்கு அவர் கொடுத்த எடை கூடுதல். தம் மாதிரியை 1955இலேயே திருத்தியவருக்கு இது தலைக்குனிவு என்று நான் நினைக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வி இன்று மருந்துக் கடையின் வாசலில் நிற்கிறது. முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினர்சென் என்பது, வேதிமுறையில் மாற்றப்பட்ட 18 கண்ணிகள் கொண்ட நியூக்ளிக் அமிலத் துண்டு. அதன் சர்க்கரைப் பகுதியில் ஒட்டிய கூடுதல் தொகுதிக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையில் நீர் சிக்கி நிற்கிறது என்பதை, இவ்வகைத் துண்டுகளின் படிகங்கள் 1999இலேயே காட்டின. முதலாண்டுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஏழரை லட்சம் டாலர் விலை வைத்தார்கள். அந்தக் கணக்கு என் துறையைச் சேர்ந்தது. அதைத் தனியே எழுத வேண்டும்.

லட்சுமணசுவாமி முதலியார் 1969இல் பதவி விட்டபின், ராமச்சந்திரன் சென்னையில் நெடுநாள் இருக்கவில்லை. 1971இல் பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். ஒரு துணைவேந்தரின் விருப்பத்தில் மட்டும் நிற்கும் ஆய்வுக்கூடம் அவரோடு போய்விடும் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் அதன் பிறகும் பலமுறை காட்டியிருக்கின்றன. அதே ஆண்டில் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய கணக்குமுறை, சி.டி. ஸ்கேன் படங்களைக் கோக்கும் வழிகளில் ஒன்றாயிற்று. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு வரவில்லை. மனைவி ராஜலட்சுமி 1998இல் மறைந்தார். பார்க்கின்சன் நோயோடு போராடிய அவர் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர். ஒரு கருத்தரங்குக்காக அங்கே சென்றிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞரிடம் அந்தப் பெயருக்குப் பொருள் கேட்டேன். தோல் வியாபாரத்தில் ஏதோ ஒரு ரகம் என்றார்.