கவிதை கைவிட்ட பின்னர்

துப்பறியும் புதினங்களை இலக்கியத்தின் வாயிலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் தமிழ்த் துறைகளில் உண்டு. யானும் அவ்வாறு நிறுத்தியவளே. இரேமண்ட் சாண்ட்லரின் வாழ்வு என் எண்ணத்தை மாற்றியது. அவர் முதலில் கவிஞர்.

1888இல் சிகாகோவில் பிறந்தார். குடிக்கு அடிமையான தந்தை குடும்பத்தைக் கைவிட, அயர்லாந்துக்காரரான தாயுடன் இங்கிலாந்து சென்று வளர்ந்தார். இலண்டனின் டல்விச் கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். அரசுத் தேர்வில் வென்று கிடைத்த கடற்படை அலுவலக வேலையை விரைவிலேயே துறந்தார். எழுத்தே வாழ்வு என எண்ணினார் போலும். 1908 முதல் அவர்தம் கவிதைகள் இதழ்களில் வெளிவந்தன. அவை அந்நாளைய வாய்பாட்டுக் கவிதைகளே. பின்னாளில் அவரே அவற்றை உயர்வாக மதிக்கவில்லை. 1912இல் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

அதன்பின் நெடிய மௌனம். முதல் உலகப் போரில் கனடியப் படைவீரராகப் பிரான்சில் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவராக உயர்ந்தார். 1924இல், தம்மினும் பதினெட்டு ஆண்டு மூத்த சிசியை மணந்தார். 1932இல் மதுவின் காரணமாக வேலை பறிபோயிற்று. அப்போது அகவை 44.

மலிவுத் தாளில் அச்சான துப்பறியும் இதழ்களை வாங்கிப் படிக்கத் தொடங்கியவர், அவற்றுள் சில கதைகள் நேர்மையாகவும் வலிமையாகவும் எழுதப்பட்டிருத்தலைக் கண்டார். பின்னர் அவர் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. எர்ல் ஸ்டான்லி கார்டனரின் கதையொன்றைச் சுருக்கி எழுதிக்கொண்டார். அச்சுருக்கத்திலிருந்து கதையைத் தாமே மீள எழுதினார். மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறை கண்டு, மீண்டும் எழுதினார். ஐம்பதை நோக்கிச் செல்லும் அகவையில் மாணவராக அமர்வதற்குத் துணிவு வேண்டும். முதற்கதைக்கு ஐந்து திங்கள் உழைத்தார். 1933 டிசம்பரில் ‘பிளாக் மாஸ்க்’ இதழ் அதனை வெளியிட்டு, சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 180 டாலர் அளித்தது.

முதற்புதினம் ‘தி பிக் ஸ்லீப்’ 1939இல் வந்தபோது அகவை 50. பிலிப் மார்லோ என்னும் துப்பறிவாளன் நகரைக் காணும் பார்வையில், எதிர்பாராத உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. கொலையாளி யார் என்பதை யான் மறந்துவிட்டேன், உவமைகளை மறக்கவில்லை. இளமையில் செய்யுளில் கைகூடாத கவிதை உரைநடையில் அவருக்குக் கைகூடியது என்றே கருதுகிறேன்.

நிறைவுற்ற புதினங்கள் ஏழே. 1954இல் சிசி மறைந்தார். மீண்டும் மது. 1959இல் சாண்ட்லர் மறைந்து சான் டியேகோவில் அடக்கம் செய்யப்பட்டார். காப்பகத்தில் கிடந்த சிசியின் அஸ்தி, அன்பர்கள் சிலரின் முயற்சியால் 2011 பிப்ரவரி 14 அன்றுதான் அவர் கல்லறையில் சேர்ந்தது.