உயிருள்ள மீட்பரைப் பாடிய கிருஷ்ணபிள்ளை

பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமை தமிழுக்குத் தந்த புலவர் பலராவர். அவருள் கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தனியிடம் உடையவர். இயேசு பெருமானை வாழ்ந்து மறைந்த பெரியார் ஒருவராக அவர் கருதவில்லை. இன்றும் உயிரோடிருந்து, அழைப்பவர் குரலுக்குச் செவிசாய்க்கும் மீட்பராகவே கண்டார். அந்த நம்பிக்கைக்காக அவர் துறந்தவை பல. துறவாமல் உடன் கொண்டு சென்ற செல்வம் ஒன்று உண்டு, அது தமிழ்.

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நெல்லையை அடுத்த கரையிருப்பில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவப் பற்று மிக்க வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். ஆதலின் கம்பனின் விருத்த ஓசை இளமையிலேயே மைந்தரின் செவியில் படிந்தது. இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றுத் தேர்ந்த அவர், 1853ஆம் ஆண்டில் சாயர்புரத்தில் இருந்த கிறிஸ்தவக் கல்விநிலையத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். பின்னாளில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் தோற்றுவித்த நிலையம் அது.

கிறிஸ்தவர் நடுவே பணியாற்றினும் கிருஷ்ணபிள்ளையின் வைணவப் பற்று எளிதில் தளரவில்லை. ஆயின் அவருடைய நண்பர் தனகோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறிஸ்துவை ஏற்றனர். அவர்களோடு நிகழ்ந்த உரையாடல்களும் புதிய ஏற்பாட்டைத் தாமே பயின்றதும் அவர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பின. தன் பாவத்தைத் தானே தீர்த்துக்கொள்ள இயலாத மனிதனுக்குப் புகலிடம் எது என்பதே அவ்வினா. பிறர் பொருட்டுத் தம்மையே பலியாக ஈந்து மீண்டும் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவிடம் அவர் விடை கண்டார்.

1858ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் ஒரு வேளாளக் குடும்பத்தின் மூத்த மைந்தர் மதம் மாறுவதென்பது உள்ளத்தளவில் நின்றுவிடும் செய்தி அன்று. உற்றார் உறவும், பந்தியில் இருக்கும் இடமும், தாயின் மன அமைதியும் அதனால் குலைவன. அத்தனையும் அறிந்தே அவர் அந்த அடியை எடுத்து வைத்தார். ஹென்றி ஆல்பிரட் என்பன அவர் பெற்ற புதுப்பெயர்கள். அவ்விரண்டும் நாளடைவில் இரண்டு முதலெழுத்துகளாகச் சுருங்கின. கிருஷ்ணன் என்று பெற்றோர் இட்ட பெயரே இறுதிவரை நிலைத்தது.

சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் அவர் துணையாசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர்ச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்தார். அவ்வாண்டுகளில் அவர் உள்ளத்தில் வளர்ந்து வந்த பெருநூலே இரட்சணிய யாத்திரிகம்.

சமயப் பணியின் பொருட்டுச் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையே இந்நூலுக்கு மூலம். அழிவின் நகரை விட்டு விண்ணக நகரை நாடும் ஒரு யாத்திரிகனின் வழிநடைக் கதை அது. உரைநடையாக அமைந்த அந்நூலைக் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்க்க முனையவில்லை; தமிழ்க் காப்பியமாகவே மறுபிறப்பு எடுக்கச் செய்தார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுப்புகள். 3,600க்கும் மேற்பட்ட பாடல்கள். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த பின்னர், 1894இல் நூல் உருவம் பெற்றது.

மூலத்திலிருந்து அவர் விலகிய ஓரிடம் சிறப்பாக நோக்கற்பாலது. பனியனின் யாத்திரிகன் சிலுவையின் முன் வந்து நிற்கிறான். முதுகுச் சுமை கழன்று அருகிலுள்ள கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. சில வரிகளில் முடிந்துவிடும் காட்சி அது. கிருஷ்ணபிள்ளையோ, அச்சுமை எவரால் கழன்றது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனங்கொள்ளவில்லை. குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைத்தார். பகைவர் கயிற்றால் பிணிக்க, இயேசு எதிர்ப்பின்றி நிற்கிறார். அவரைக் கட்டியது கயிறு அன்று. தமக்குத் தீங்கு செய்யும் மக்கள்மீது அவர் கொண்ட அன்பே அவிழ்க்கவொண்ணாத கட்டாயிற்று என்று கவிஞர் காட்டுகிறார். சுமை விழுந்த காட்சி, சுமையைத் தாங்கியவரின் வரலாறாக இங்கு விரிகிறது.

இக்காப்பியத்தின் மற்றுமொரு அமைப்பு கவிஞர்களின் கருத்துக்கு உரியது. கதை விருத்தங்களாக ஓடிவரும்போது, இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்கள் எழுகின்றன. விருத்தம் கதை சொல்வது. ஆதலின் மீட்பர் அங்கே படர்க்கையில் நிற்கிறார். தேவாரமோ நெஞ்சுருகி வேண்டுவது. மாண்ட தலைவனின் புகழைப் படர்க்கையில் எத்துணை நீளமாகவும் பாடலாம். முகம் நோக்கி மன்றாட வேண்டுமாயின், கேட்பவர் உயிரோடு இருத்தல் வேண்டும். உயிர்த்தெழுந்த கிறிஸ்து என்னும் கோட்பாடு, வாதத்தினும் இவ்வடிவத்திலேதான் கிருஷ்ணபிள்ளையின் நூலில் முழுமையாக வெளிப்படுகிறது எனலாம். ஆழ்வாரும் நாயன்மாரும் இறைவனை அழைத்த தமிழ் மரபே அதற்கு வழி திறந்தது. பிறந்த சமயத்தை விட்டு வந்தவர், அச்சூழலில் பெற்ற பக்தித் தமிழைக் கைவிடவில்லை.

அந்த முன்னிலைக் குரல் முதிர்ந்து தனிநூலாகவே மலர்ந்தது இரட்சணிய மனோகரம். 1899இல் அது வெளிவந்தபோது அவருக்கு அகவை எழுபத்திரண்டு. பெருங்காப்பியம் பாடி முடித்த புலவர், தம் வாழ்வின் மாலையில் எளிய அடியவராக வந்து நின்று விண்ணப்பம் செய்யும் பாடல்கள் அவை. மறு ஆண்டே, 1900 பிப்ரவரி 3ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார்.

இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலும், காவிய தரும சங்கிரகம் என்னும் தொகைநூலும், இலக்கண சூடாமணியும் அவருடைய பிற பணிகளுக்குச் சான்று. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்துவது இரட்சணிய யாத்திரிகமே. அதனைப் பயில்வோர் எச்சமயத்தவராயினும், நம்பியதை நம்பியவாறே சொல்வதற்குத் தம் முன்னோர் தமிழே போதும் என்று துணிந்த ஒரு கவிஞரை அங்கே சந்திக்கலாம்.